இஸ்லாமிய வங்கி: நிர்வாகம் யார் கையில், லாபம் யார் பையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டியில்லா வங்கி என்று பேச்செடுத்தாலே அது ஹலாலா ஹராமா என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அந்த வங்கியை நடத்துவது யார், அவர்களைக் கணக்குக் கேட்பது யார், வந்த லாபத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இங்கே அதைத்தான் பார்க்கப் போகிறோம். மார்க்கத் தீர்ப்பு எதுவும் இதில் கிடையாது, அதற்கு உங்கள் ஊர் ஆலிமிடம் போங்கள்.

வட்டி வாங்காமல் ஒரு வங்கி எப்படி லாபம் பார்க்கிறது?

விற்று, வாடகைக்கு விட்டு, அல்லது தொழிலில் கூட்டுச் சேர்ந்து. உங்களுக்கு 10 லட்சத்தில் ஒரு வேன் வேண்டும் என்று வையுங்கள். வங்கி அதைத் தானே வாங்கி, 12 லட்சத்துக்கு உங்களுக்குத் தவணையில் விற்கும். வாங்கிய விலை எவ்வளவு, மேலே வைத்த லாபம் எவ்வளவு என்று இரண்டையும் சொல்லியாக வேண்டும். இதற்கு முராபஹா என்று பெயர். வாடகைக்கு விட்டால் இஜாரா. லாப நஷ்டத்தில் கூட்டாக இறங்கினால், ஒருவர் முதல் போட மற்றவர் தொழில் செய்வது முளாரபா, இருவருமே முதல் போடுவது முஷாரகா.

மேடையில் அதிகம் பேசப்படுவது கடைசியில் சொன்ன இரண்டும்தான். ஆனால் வங்கி பணத்தை வெளியே கொடுக்கும் பக்கம் பெரும்பாலும் முராபஹாவும் அதன் உறவினர்களும்தான் ஓடுகின்றன. உங்களிடமிருந்து பணம் வாங்கும் பக்கத்தில் மட்டும் முளாரபா தாராளமாக இருக்கும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஏறுமாறிலிருந்து வருவதுதான்.

கார்ப்பரேட் கவர்னன்ஸ் (நிறுவனத்தை நடத்துவதும் கண்காணிப்பதும்) எல்லா வங்கிக்கும் பொதுவானதுதானே, இதில் தனியாக என்ன இருக்கிறது?

இயக்குநர் குழு, தணிக்கைக் குழு, தனி இயக்குநர்கள், மத்திய வங்கியின் மேற்பார்வை, இதெல்லாம் பொது. கூடுதலாக இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று ஷரீஆ குழு. வங்கியின் ஒவ்வொரு திட்டமும் ஒப்பந்தமும் மார்க்கச் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடும் அறிஞர்கள் குழு. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயோஃபி என்ற தர நிர்ணய அமைப்பு குறைந்தது 3 பேர் வேண்டும் என்கிறது, மலேசியா 5 பேர் கேட்கிறது.

இரண்டாவது விஷயத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முளாரபா கணக்கில் பணம் போட்டவர் சட்டப்படி கடன் கொடுத்தவர் ஆகமாட்டார், தொழிலுக்கு முதல் போட்டவர் ஆகிறார். நஷ்டம் வந்தால் (வங்கியின் மோசடியோ அலட்சியமோ இல்லாத பட்சத்தில்) அது அவர் தலையில். பங்குதாரருக்கும் அதே ஆபத்துதான், ஆனால் அவருக்குப் பொதுக்கூட்டத்தில் ஓட்டு உண்டு, இயக்குநரை மாற்றலாம். முளாரபாக்காரருக்கு ஓட்டு கிடையாது, போர்டில் ஆளும் கிடையாது. முதலாளிக்குரிய ஆபத்தை ஏற்றுக்கொண்டு வாடிக்கையாளருக்குரிய அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

கோலாலம்பூரில் இயங்கும் இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியம் 2006லேயே இதைக் கவனித்து, இந்தக் கணக்குதாரர்களின் நலனைப் பார்க்க போர்டுக்குள் ஒரு தனிக் குழு இருக்கட்டும் என்று வழிகாட்டியது. நல்ல யோசனை. ஆனால் அந்தக் குழுவின் உறுப்பினர்களையும் இயக்குநர் குழுதான் நியமிக்கும், கணக்குதாரர்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நஷ்டம் என் தலையில் என்கிறீர்கள், ஆனால் மாதா மாதம் ஒரே அளவு லாபம் வருகிறதே?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

பக்கத்துத் தெருவில் உள்ள சாதாரண வங்கி 8% வட்டி தருகிறது, உங்கள் இஸ்லாமிய வங்கிக்கு அந்த வருடம் உண்மையில் 6%தான் தேறியது என்றால் என்ன நடக்கும்? ஆட்கள் பணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பயத்தில் வங்கி தன் பங்கைக் குறைத்துக்கொண்டோ, முன்பு ஒதுக்கி வைத்த நிதியிலிருந்து எடுத்தோ உங்களுக்கு 8% அளவில் தந்துவிடும். நல்ல வருடத்தில் 11% வந்தால் முழுவதையும் தராமல் கொஞ்சம் எடுத்து அந்த நிதியில் போடும். லாபச் சமநிலை ஒதுக்கு என்று ஒன்று, முதலீட்டு இடர் ஒதுக்கு என்று இன்னொன்று, இரண்டுக்கும் வேலை ஏறக்குறைய இதுதான். கணக்குதாரர் தாங்க வேண்டிய அடியைப் பங்குதாரர் தாங்கும் இந்த ஏற்பாட்டால் வங்கிக்கு வரும் ஆபத்தை ‘இடம் மாறிய வணிக ஆபத்து’ என்று துறையில் சொல்கிறார்கள்.

இதில் தப்பு என்ன என்று கேட்கலாம். அலை அடிக்காத வருமானம் எல்லோருக்கும் பிடிக்கும்தான். ஆனால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த வருடம் என் லாபத்தில் பிடித்து வைத்ததை அடுத்த வருடம் கணக்கு மூடிப் போன பிறகு யாருக்குக் கொடுப்பார்கள்? வேறு யாருக்கோ. அடுத்தது, எவ்வளவு பிடிப்பது, எப்போது விடுவிப்பது என்று முடிவு செய்வது யார்? நிர்வாகம். ஆக நீங்கள் பாஸ்புத்தகத்தில் பார்க்கும் லாப விகிதம் வங்கி எப்படித் தொழில் செய்தது என்பதைக் காட்டுவதைவிட, நிர்வாகம் எதைக் காட்ட விரும்பியது என்பதையே அதிகம் காட்டுகிறது. இஸ்லாமிய வங்கியின் நிதிச் செயல்பாட்டை அளக்க முயல்கிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

ஷரீஆ குழுவுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

வங்கிதான். அவர்கள் யாரைச் சரிபார்க்க வேண்டுமோ அவர்களேதான் கொடுக்கிறார்கள். கணக்குத் தணிக்கையாளருக்கும் இதே நிலைமைதான் என்று பதில் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் தணிக்கையாளருக்குத் தொழில் சங்கம், உரிமம், தண்டனை எல்லாம் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ஷரீஆ அறிஞருக்குப் பல நாடுகளில் இப்போதுதான் ஒவ்வொன்றாக வருகின்றன.

இன்னொரு தலைவலி, ஆள் பற்றாக்குறை. ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டவியல்) தெரிந்து, வங்கிக் கணக்கும் தெரிந்து, ஆங்கில ஒப்பந்தத்தையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 2011 வாக்கில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், உலகின் ஷரீஆ குழு இருக்கைகளில் 600க்கு மேல், அதாவது பாதிக்கும் கூடுதல், வெறும் 20 பேரிடம் இருந்தன. ஒருவர் பத்துப் பதினைந்து வங்கியில் உட்கார்ந்தால் எந்த ஒப்பந்தத்தை எப்போது முழுசாகப் படிப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். போட்டி வங்கிகளின் ரகசியமும் ஒரே தலைக்குள் இருக்கும்.

மலேசியா இதற்கு நேரடியாகவே பூட்டுப் போட்டது. ஒரே வகை நிறுவனத்தில் ஒருவர் ஒரு குழுவில்தான் இருக்கலாம், அதாவது ஒரு வங்கியில் இருந்தால் இன்னொரு வங்கியில் இருக்கக் கூடாது. அதற்கெல்லாம் மேலே மத்திய வங்கியில் 1997லிருந்து ஒரு ஷரீஆ ஆலோசனை மன்றம் இருக்கிறது, நீதிமன்றத்தையும் அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

ஷரீஆ குழு இருந்தும் ஒரு வங்கி மூழ்குமா?

தாராளமாக. வங்காளதேசத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இஸ்லாமி பேங்க் பங்களாதேஷ் 1983ல் தொடங்கியது. கிராமத்துச் சிறுகடன், ஆயத்த ஆடைத் தொழில், வளைகுடாவிலிருந்து வரும் பணம் என்று வளர்ந்து நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கி ஆனது. ஜமாஅத்தே இஸ்லாமி கட்சிக்கு நெருக்கமானவர்களின் செல்வாக்கு அங்கே இருந்தது என்பதும் ஊரறிந்த விஷயம். 2017 ஜனவரியில் ஒரே நாளில் தலைவரும் நிர்வாக இயக்குநரும் மாறினார்கள். ராணுவ உளவுத்துறையின் அழுத்தத்தில் நடந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு வங்கி சிட்டகாங்கின் எஸ். ஆலம் குழுமத்தின் பிடிக்குள் போனது. தொடக்கத்திலிருந்து பங்கு வைத்திருந்த இஸ்லாமிய வளர்ச்சி வங்கி பெரும்பகுதியை விற்றுவிட்டு ஒதுங்கியது. இதே குழுமத்தின் செல்வாக்கில் வேறு சில இஸ்லாமிய வங்கிகளும் இருந்தன.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. 2021 செப்டம்பரில் அவற்றில் ஒன்றான யூனியன் வங்கியின் குல்ஷான் கிளைக்கு மத்திய வங்கி ஆய்வாளர்கள் போய்ப் பெட்டகத்தைத் திறந்து எண்ணினார்கள். ஏட்டில் 31 கோடி டக்கா, உள்ளே இருந்ததோ 12 கோடி. மீதி 19 கோடி எங்கே என்றதற்கு வந்த விளக்கம், வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு விஐபி வாடிக்கையாளருக்குக் கொடுத்தோம் என்பது! 2022 நவம்பரில், மாதத்தின் முதல் 17 நாளில் மட்டும் இஸ்லாமி வங்கியிலிருந்து சந்தேகத்துக்குரிய நிறுவனங்களுக்கு 2,460 கோடி டக்கா போனதாக டாக்கா நகர நாளேடு ஒன்று எழுதியது. அந்த முகவரிகளைத் தேடிப் போனால் குடியிருப்புக் கட்டடங்கள்.

2024 ஆகஸ்டில் ஹசீனா அரசு விழுந்ததும் மத்திய வங்கி இந்த வங்கிகளின் இயக்குநர் குழுக்களை வரிசையாகக் கலைத்தது. எஸ். ஆலமும் கூட்டாளிகளும் குறைந்தது 1,000 கோடி டாலர் வெளியே கொண்டுபோனதாகப் புதிய ஆளுநர் அஹ்சன் மன்சூர் குற்றம் சாட்டினார், குழுமம் அதை மறுத்தது. பிறகு சொத்துகளின் உண்மை நிலையை ஆராய்ந்தபோது யூனியன் வங்கியில் கொடுத்த கடனில் கிட்டத்தட்ட 98% வாராக்கடன். ஃபர்ஸ்ட் செக்யூரிட்டி இஸ்லாமியில் 96%, குளோபல் இஸ்லாமியில் 95%, சோஷியல் இஸ்லாமியில் 62%, எஸ். ஆலம் வசம் இல்லாத எக்ஸிம் வங்கியிலும் 48%. இதற்கு ஓரிரு வருடம் முன்பு வரை இதே வங்கிகளில் சில ஒற்றை இலக்கத்தில் வாராக்கடன் காட்டி, லாபமும் காட்டிக்கொண்டிருந்தன. 2025ல் இந்த ஐந்தையும் சேர்த்து சம்மிலித இஸ்லாமி வங்கி என்று ஒன்றாக்கினார்கள். அரசு 20,000 கோடி டக்கா மூலதனம் போட வேண்டியிருந்தது, பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்று அறிவித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஷரீஆ குழுக்கள் இருந்தன. ஆண்டறிக்கையில் அவர்களின் அறிக்கையும் இருந்தது. முராபஹா ஒப்பந்தத்தில் விலை குறிப்பிடப்பட்டிருக்கிறதா, பொருள் ஹலாலா என்று பார்ப்பது அவர்கள் வேலை. வாங்குகிற கம்பெனி உண்மையில் இருக்கிறதா, அது வங்கி முதலாளியின் பினாமியா, பொருள் கிடங்குக்கு வந்ததா என்பது கடன் குழுவின், தணிக்கையின், மத்திய வங்கியின் வேலை. அந்த மூன்றும் வாயை மூடிக்கொண்டால் ஷரீஆ முத்திரை எதையும் காப்பாற்றாது. சொல்லப் போனால் ஆளை நம்ப வைத்து இன்னும் கொஞ்சம் அதிகமாக டெபாசிட் வாங்க உதவும், அவ்வளவுதான்.

வங்காளதேசம் விதிவிலக்கோ என்னவோ?

இல்லை. துருக்கியின் இஹ்லாஸ் ஃபினான்ஸ் 2001 பிப்ரவரியில் உரிமம் பறிக்கப்பட்டு மூடப்பட்டது. அந்நாட்டில் வட்டியில்லா நிறுவனங்களில் அதுதான் பெரியது. மக்கள் பணத்தைத் தன் குழுமக் கம்பெனிகளுக்கே கொடுத்திருந்தது, நெருக்கடி வந்ததும் திரும்பவில்லை. அப்போது அந்தக் கணக்குகளுக்கு டெபாசிட் காப்பீடும் கிடையாது, எனவே மக்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள்.

துபாய் இஸ்லாமிய வங்கியின் கதை வேறு ரகம். 1995 முதல் 1998 வரை மாலி நாட்டைச் சேர்ந்த பபானி சிசோகோ என்பவர் ஒரு கிளை மேலாளரை மந்திரத்தால் பணம் இரட்டிப்பாகும் என்று நம்பவைத்து 24.2 கோடி டாலர் அள்ளிவிட்டார். மந்திரத்தை விடுங்கள். ஒரு மேலாளர் மூன்று வருடம் தனியாளாக அவ்வளவு பணத்தை வெளியே அனுப்ப முடிந்தது என்பதுதான் விஷயம். அந்த வங்கி மூழ்கவில்லை. அரசாங்கம் தூக்கி நிறுத்தியது, இன்று பெரிய வங்கி.

சரி, நிர்வாகம் நன்றாக இருந்தால் லாபம் கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவா?

நேரான ‘ஆமாம்’ இல்லை. நானறிந்ததில் பயனுள்ள பதில் 2015ல் சபூர் மொல்லாவும் மஹ்பூப் ஜமானும் வெளியிட்டது. 25 நாடுகளின் 172 வங்கிகளை 2005 முதல் 2011 வரை பார்த்தார்கள். ஷரீஆ குழுவுக்கு மேற்பார்வை அதிகாரம் இருந்த இடத்தில் வங்கியின் செயல்பாடு மேம்பட்டிருந்தது. வெறும் ஆலோசனை சொல்லும் குழுவாக இருந்த இடத்தில் அதன் தாக்கம் பொருட்படுத்தும்படி இல்லை. தலைமை நிர்வாகியே போர்டின் தலைவராகவும் இருப்பது போன்ற அதிகாரக் குவிப்பு இஸ்லாமிய வங்கிகளின் லாபத்தைக் கெடுத்தது. இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தனி இயக்குநர்கள் அதிகம் இருப்பதும் அங்கே நல்ல பலன் தரவில்லை என்று வந்தது. பாடப்புத்தகம் சொல்வதற்கு இது எதிர்மாறு. முராபஹா எப்படி நடக்கிறது என்று தெரியாத தனி இயக்குநர் பத்துப் பேர் இருந்து என்ன பயன் என்று நான் எடுத்துக்கொள்கிறேன், வேறு விளக்கமும் இருக்கலாம்.

சாதாரண வங்கியோடு ஒப்பிட்டால்? தோர்ஸ்டன் பெக் குழுவினர் 22 நாடுகளை வைத்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் வந்தது. இஸ்லாமிய வங்கிகளுக்குச் செலவு கொஞ்சம் கூடுதல், மூலதனமும் கடன் தரமும் கொஞ்சம் மேல். செலவு கூடுவது புரியக்கூடியதே, ஒரு கடனுக்கு ஒரு பத்திரம் போதும் என்ற இடத்தில் இவர்களுக்கு வாங்கும் பத்திரம், விற்கும் பத்திரம், முகவர் பத்திரம் என்று மூன்று வேண்டும், அப்புறம் ஷரீஆ தணிக்கைக்கும் ஆள் வேண்டும்.

2008 நெருக்கடியில் இஸ்லாமிய வங்கிகள் தப்பித்தன என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களை அவர்கள் வாங்கவில்லை, அதனால் 2008ல் அடி குறைவு. ஆனால் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஆய்வாளர்கள் மாஹிர் ஹசனும் ஜெமா திரிதியும் 2010ல் காட்டியபடி, நெருக்கடி நிலம், கட்டடம் பக்கம் திரும்பிய 2009ல் சில நாடுகளில் இஸ்லாமிய வங்கிகளின் லாபம் சாதாரண வங்கிகளைவிட அதிகமாகச் சரிந்தது. ஒரே துறையில் பணத்தைக் குவிப்பது ஹராம் என்று எந்த ஷரீஆ குழுவும் சொல்லாது, அதைச் சொல்ல வேண்டியது இடர் மேலாண்மைக் குழு.

தவர்ருக் என்றால் என்ன, அதைச் சுற்றி ஏன் இவ்வளவு சண்டை?

உங்களுக்கு ரொக்கம் வேண்டும், பொருள் வேண்டாம். கோலாலம்பூரில் புர்சா சூக் அல் சிலா என்று ஒரு மின்சந்தை 2009லிருந்து இருக்கிறது. வங்கி அங்கே பாமாயில் வாங்கும். லாபம் சேர்த்து உங்களுக்குத் தவணைக்கு விற்கும். உங்கள் சார்பாக அதே பாமாயிலை வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணத்தை உங்கள் கணக்கில் போடும். எல்லாம் கணினியில் சில நிமிட வேலை, ஒரு சொட்டு எண்ணெய் இடம் மாறாது. கையில் வந்தது ரொக்கம், கட்ட வேண்டியது அதைவிடக் கூடுதல்.

ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, இப்படி ஏற்பாடாக நடத்தும் தவர்ருக் கூடாது என்று 2009ல் ஷார்ஜா கூட்டத்தில் தீர்மானித்தது. மலேசியா அனுமதிக்கிறது, அங்கே அது வெகு சகஜம். நிர்வாகக் கோணத்தில் எனக்குக் கவலை வேறு. ஒரு நாட்டில் செல்லும் லாபம் இன்னொரு நாட்டில் கழிக்க வேண்டிய வருமானம் ஆகும்போது, இரண்டு நாட்டு வங்கிகளின் லாப விகிதத்தை அருகருகே வைத்து ஒப்பிடுவதே ஆட்டம் கண்டுவிடுகிறது.

ஷரீஆ விதியை மீறினால் வங்கிக்குப் பண நஷ்டம் உண்டா?

உண்டு. மீறலில் வந்த வருமானத்தை லாபத்தில் சேர்க்காமல் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும். மலேசியாவின் 2013 இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டப்படி மீறலுக்கு 8 ஆண்டு வரை சிறை அல்லது 2.5 கோடி ரிங்கிட் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம்.

ஆனால் இதைவிட விசித்திரமான ஆபத்து ஒன்று உண்டு. குவைத்தின் இன்வெஸ்ட்மென்ட் தார் நிறுவனம் (ஆஸ்டன் மார்ட்டின் கார் கம்பெனியில் பங்கு வாங்கியவர்கள்) லெபனானைச் சேர்ந்த ப்ளோம் குழும வங்கியிடம் வகாலா முறையில் (பணம் போட்டவரின் முகவராக இருந்து முதலீடு செய்து தருவதாக) பணம் வாங்கியிருந்தது. திருப்பித் தர முடியாதபோது 2009ல் லண்டன் நீதிமன்றத்தில் என்ன வாதாடியது தெரியுமா? ‘இந்த ஒப்பந்தம் வட்டி போலத்தான் இருக்கிறது, ஷரீஆவுக்கு எதிரானது, எங்கள் நிறுவன விதிப்படி நாங்கள் இதைச் செய்திருக்கவே கூடாது, ஆகவே செல்லாது’ என்று! அதே ஒப்பந்தத்துக்கு அவர்களின் ஷரீஆ குழுவே ஒப்புதல் கொடுத்திருந்தது. வாதாடத்தக்க விஷயம்தான் என்று நீதிபதியும் ஏற்றுக்கொண்டார், ஆனாலும் வாங்கிய அசலை விடவில்லை. ஷரீஆ குழுவின் கையெழுத்து எவ்வளவு தூரம் தாங்குமோ என்ற பயத்தில் அதன் பிறகு வக்கீல்கள் ஒப்பந்தத்தில் கூடுதல் வரிகள் எழுத ஆரம்பித்தார்கள்.

மலேசியாவை மட்டும் ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

அடிபட்டுத் திருந்திய ஊர் என்பதால். பேங்க் இஸ்லாம் 1983ல் தொடங்கியது, நாட்டின் முதல் இஸ்லாமிய வங்கி. லாபுவான் என்ற மலேசியத் தீவில் இருந்த அதன் கிளை வெளிநாட்டில் கொடுத்த கடன்கள் கெட்டுப்போய் 2005, 2006 இரண்டு நிதியாண்டிலும் பெரும் நஷ்டம், 2006ல் மட்டும் 130 கோடி ரிங்கிட் அளவுக்கு. துபாயிலிருந்து புது மூலதனம் வந்தது, நிர்வாகம் மாறியது, வங்கி எழுந்தது.

2013 சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு எளிய பிரிவினை. டெபாசிட் வேறு, முதலீட்டுக் கணக்கு வேறு. டெபாசிட்டுக்கு அசல் உத்தரவாதம் உண்டு, 2,50,000 ரிங்கிட் வரை காப்பீடும் உண்டு. முதலீட்டுக் கணக்குக்கு இரண்டும் கிடையாது, அதைச் சேரும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். மேலே சொன்னேனே, ஆபத்து உண்டு ஆனால் லாபம் சமமாக வருகிறது என்ற குழப்பம், அதை இந்தப் பிரிவினை பெருமளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. சட்டம் வந்ததும் ஏராளமானோர் டெபாசிட் பக்கமே நின்றுகொண்டார்கள் என்பதும் உண்மை. லாப நஷ்டக் கூட்டு என்று சொல்லும்போது நஷ்டம் யாருக்கும் வேண்டாம் போல.

இலங்கையிலும் இந்தியாவிலும் நிலைமை என்ன?

இலங்கையில் 2005ல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். 2011 ஆகஸ்ட் 1ஆம் தேதி முழு இஸ்லாமிய வங்கியாக அமானா வங்கி திறந்தது. கொமர்ஷல் வங்கியின் அல் அதாலா போல சாதாரண வங்கிக்குள்ளேயே தனிச் சாளரமாக நடப்பவையும் உண்டு. சாளரம் என்றால், அந்தப் பணம் தாய் வங்கியின் வட்டிப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற எல்லா வங்கிகளுக்கும் பொதுவான டெபாசிட் காப்பீடு ஒரு நபருக்கு 11 லட்சம் ரூபாய் வரை.

இந்தியாவில் இஸ்லாமிய வங்கி இல்லை. 2008ல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது, 2017ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று முடித்துக்கொண்டது. 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8வது பிரிவே வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது, முராபஹாவுக்கு அங்கேயே கதவு சாத்தியாகிறது. ஆகவே தமிழ்நாட்டில் யாராவது வந்து ‘ஹலால் பேங்க், மாதம் இவ்வளவு லாபம்’ என்றால் அது வங்கி இல்லை. பெங்களூருவின் ஐஎம்ஏ நிறுவனம் அப்படித்தான் ஹலால் முதலீடு என்று சொல்லி மக்களிடம் ஆயிரக்கணக்கான கோடி திரட்டியது. 2019 ஜூனில் உரிமையாளர் நாட்டைவிட்டு ஓடிய பிறகுதான் பலருக்கு விவரமே தெரிந்தது. வங்காளதேசத்திலாவது போர்டைக் கலைக்க ஒரு மத்திய வங்கி இருந்தது.

ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்?

தலைவரின் உரையைத் தாண்டிப் போங்கள். லாபம் எத்தனை சதவீதம் ஏறியது என்ற கட்டத்தையும் தாண்டுங்கள், யூனியன் வங்கியும் கட்டம் போட்டது.

முதலில் பின்குறிப்புகளில் ‘தொடர்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனைகள்’ என்று ஒரு பகுதி வரும். இயக்குநர்களுக்கும் அவர்கள் கம்பெனிகளுக்கும் கொடுத்த கடன் அங்கே இருக்கும். இரண்டு மூன்று வருட அறிக்கைகளை வைத்து அந்தத் தொகை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். பினாமிகள் அங்கே வரமாட்டார்கள் என்பதால், பெரிய பத்து இருபது கடனாளிகளிடம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் குவிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து ஷரீஆ குழுவின் அறிக்கை. பெரும்பாலும் ஒரே பக்கம், எங்கள் பார்வைக்கு வந்த ஆவணங்களின்படி எல்லாம் சரி என்ற பாணியில் இருக்கும். எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள், மீறல் எத்தனை, தர்மத்துக்குப் போன தொகை எவ்வளவு என்று எண் போட்டிருந்தால் அந்தக் குழு உண்மையில் வேலை செய்கிறது. வருடா வருடம் மீறல் பூஜ்யம் என்று வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆயிரக்கணக்கில் ஒப்பந்தம் போடும் இடத்தில் ஒரு முராபஹாவில்கூடத் தேதி முன்பின் ஆகவில்லையா?

கணக்கு திறக்கும்போது கிளையில் கேட்க வேண்டியது மூன்றுதான். இது டெபாசிட்டா முதலீடா, காப்பீடு உண்டா, லாபத்தில் எனக்கு எத்தனை வங்கிக்கு எத்தனை. கடைசிக் கேள்விக்கு ‘70க்கு 30’ என்பது போல விகிதமாகப் பதில் வர வேண்டும். ‘வருடம் 9% நிச்சயம்’ என்று வந்தால், அங்கே கொடுக்கும் படிவத்தில் மேலே என்ன பெயர் போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.